அரவேணு நைல்

லிங்கசாமி: மூடு... மூடு ராக்கம்மா, சீக்கிரம்!

ராக்கம்மா: இருங்க முதலாளி, வேட்டி நுனி வெளிய தொங்குது.

லிங்கசாமி: உள்ள தள்ளு. ம்... இப்ப?

ராக்கம்மா: இப்ப மூடிக்குதுங்க. மூச்சு வருதுங்களா?

லிங்கசாமி: மூக்குக்கு நேரா ஓட்டை இருக்குது. தச்சன் சில்வஸ்டர் இதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கறான். வெளிய கொண்டியப் போட்டுரு.

ராக்கம்மா: கொண்டியுமா? அப்புறம் நீங்களா வெளிய வர முடியாதுங்களே.

லிங்கசாமி: அதுக்குத்தான் நீ இருக்கற இல்ல. செக்கிங் வந்திருக்கற ஆபீசரு தொறந்து பாத்தான்னா? ஓட்டல் முதலாளி சவப்பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தாருன்னு பேப்பர்ல போடுவான்.

ராக்கம்மா: போட்டுட்டனுங்க. உங்களக் கேட்டா என்னங்க சொல்றது?

லிங்கசாமி: பொள்ளாச்சி போயிட்டாருன்னு சொல்லு. ஒரு சாவுன்னு சொல்லு.

ராக்கம்மா: பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு அந்த வார்த்தைய ஏனுங்க...

லிங்கசாமி: இது சவப்பெட்டி இல்ல, எகிப்து ராசா கட்டில்! மம்மி ரூமுக்குன்னே பெங்களூர்ல இருந்து வர்றாங்க தெரியுமா?

ராக்கம்மா: வர்றாங்க. தாராபுரத்துல இருந்து புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்துச்சே, அந்தப் பொண்ணு இந்தப் பொட்டியப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டு ரிசப்ஷன் சோபாவுலயே தூங்குச்சுங்க.

லிங்கசாமி: அதுக்கு ரசனை பத்தாது. ஆமா, நீ ஓடியாந்து சொன்னியே, ஜீப்பு வந்த சத்தமே எனக்குக் கேக்கலையே?

ராக்கம்மா: பனியில அமுங்கிப் போகுதுங்க. மூணு பேரு. ஒருத்தர் கையில டேப்பு.

லிங்கசாமி: டேப்பா! எதை அளக்கறாங்க?

ராக்கம்மா: ஜன்னல்ல பாக்கறன்... ஒண்ணுமே தெரியலீங்க. ஸ்பிங்ஸ் சிலைக்கே காது மட்டுந்தான் தெரியுது... ஆங், தோட்டத்துல போட்ட பாலைவனத்துல நிக்கறாங்க.

லிங்கசாமி: ஆத்து மணல் இல்ல, எம்-சாண்டுன்னு சொல்லோணும்.

ராக்கம்மா: மணலு எங்கீங்க இருக்குது? பாசி புடிச்சுப் பச்சையாக் கிடக்குது. ஐயோ... ஒருத்தரு வழுக்கி உழுந்துட்டாரு.

லிங்கசாமி: உழுவட்டும். ஒட்டகத்துப் பக்கம் போனாங்களா?

ராக்கம்மா: போகலீங்க. அது கனைச்சுதுன்னா குதிரைன்னு தெரிஞ்சு போயிருமே. முதுகுல கட்டுன தலகாணி வேற ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்குது.

லிங்கசாமி: அதெல்லாம் கேஸ் ஆகாது. வேற?

ராக்கம்மா: முதலாளி... நம்ம நைலு வாய்க்காலுகிட்ட வந்துட்டாங்க.

லிங்கசாமி: அங்கயா! என்ன பண்றாங்க?

ராக்கம்மா: தண்ணிக்குள்ள கைய உட்டுப் பாக்கறாங்க. இத்தனை தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேட்டா?

லிங்கசாமி: மழைத்தண்ணின்னு சொல்லு.

ராக்கம்மா: மாசி மாசத்துலயா?

லிங்கசாமி: லாரித் தண்ணின்னு சொல்லு! அட, ரூம் கூட்டறவகிட்ட எவன் கேக்கப்போறான்?

ராக்கம்மா: தோட்டக்காரரு கந்தனக் கூப்பிட்டு விசாரிக்கறாங்க.

லிங்கசாமி: அவனுக்கு என்ன தெரியும்? பைப்பு வேலை நடந்த நாலு நாளும் எல்லாருக்கும் லீவு குடுத்துட்டேன் இல்ல.

ராக்கம்மா: சம்பளத்தோட குடுத்தீங்க. அப்பவே எனக்கு திக்குன்னுச்சு.

லிங்கசாமி: வாய மூடு... இல்ல இல்ல, மூடாத. பேசிட்டே இரு. உள்ள இருட்டா இருக்குது, ஒரு மாதிரியா வருது.

ராக்கம்மா: என்னத்தங்க பேசறது? கெஸ்டுக்கு வெச்ச அட்டை இருக்குது, படிக்கட்டுங்களா?

லிங்கசாமி: ஏதோ ஒண்ணு. படி.

ராக்கம்மா: ‘எகிப்தியர் நம்பிக்கைப்படி, இறந்தவர் நாற்பத்திரண்டு தெய்வங்கள் முன் நின்று, தான் செய்யாத பாவங்களைச் சொல்ல வேண்டும். பிறகு அவர் இதயத்தை ஓர் இறகுக்கு எதிராக நிறுப்பார்கள். பொய் சொன்னவரின் இதயத்தை முதலைத்தலை மிருகம் தின்றுவிடும்.’ பயமா இருக்குதுங்களா?

லிங்கசாமி: மேல படி.

ராக்கம்மா: ‘நான் திருடவில்லை.’

லிங்கசாமி: திருடலை.

ராக்கம்மா: ‘நான் எவரையும் அழவைக்கவில்லை.’

லிங்கசாமி: இல்ல. தாராபுரத்துப் பொண்ணு கணக்குல வராது.

ராக்கம்மா: ‘நான் எடையில் ஏமாற்றவில்லை.’

லிங்கசாமி: அது எங்க அண்ணன். மளிகைக்கடை அவனோடது.

ராக்கம்மா: ‘ஓடும் தண்ணீரை அணை போட்டு மறிக்கவில்லை.’

லிங்கசாமி: அடுத்ததப் படி.

ராக்கம்மா: இதுக்குப் பதில் சொல்லலீங்களே.

லிங்கசாமி: எவன் எழுதுனது இதை?

ராக்கம்மா: நீங்கதானுங்க அச்சடிச்சு வெச்சீங்க.

லிங்கசாமி: கோயமுத்தூர்ல ஒரு ஹிஸ்டரி வாத்தியாரு எழுதிக் குடுத்தாரு. நான் என்ன படிச்சா பாத்தேன்? அந்த வரிய மட்டும் கிழிச்சுப் போடு.

ராக்கம்மா: லேமினேஷன் பண்ணிருக்குது, கிழியாதுங்க.

லிங்கசாமி: உங்க எஸ்டேட் லைன் ஊடுகளுக்குத் தண்ணி வரலைன்னா ஊத்து தானா வத்திருக்கும். என்னைக் கேட்டா?

ராக்கம்மா: அப்படீங்களா. நைலு ஓட ஆரம்பிச்ச அதே வாரத்துல வத்திருச்சு. நாப்பது ஊடுங்க. எம்மவ பேச்சி ரோட்டுல இருந்து குடத்தத் தூக்கிட்டு ஏறி, படியில உழுந்து, கைக்குக் கட்டுப் போட்டுட்டுப் படுத்திருக்கறா. பரீட்சை எழுதற கை. நான் இங்க வந்து முதலைப் பொம்மையக் குளிப்பாட்டறேன். எனக்கு வயிறு எரியுதுங்க முதலாளி.

லிங்கசாமி: சரி சரி, அதை அப்புறம் பேசலாம். ஆபீசரு என்ன பண்றான்?

ராக்கம்மா: கடப்பாரை கொண்டாந்துட்டாங்க. பைப்பு தேடறாங்களாட்ட இருக்குது.

லிங்கசாமி: எந்தப் பக்கம்? ஏய், எந்தப் பக்கம்?

ராக்கம்மா: நரித்தலைச் சாமி சிலைக்குப் பின்னால.

லிங்கசாமி: அப்பாடா...

ராக்கம்மா: என்னங்க அப்பாடா?

லிங்கசாமி: நோண்டட்டும், நல்லா நோண்டட்டும்! உங்க லைனுக்குப் போறது வெள்ளக்காரன் காலத்துப் பைப்பு, மண்ணுக்குள்ள எப்படிப் போகுதுன்னு எவனுக்கும் தெரியாது. பூனைச்சாமிக்கு அடியில போகுது. பீடத்துக்குள்ள வால்வு வெச்சு இந்தப் பக்கம் திருப்பி உட்டிருக்கேன்.

ராக்கம்மா: பூனைச்சாமின்னா... ஈரோட்டுக்காரங்க குங்குமம் வெச்சுட்டுப் போனாங்களே, அதுங்களா?

லிங்கசாமி: அதேதான். முன்பக்க டைல்ஸ் ஒண்ணு இழுத்தா வந்துரும். எப்படி என்ற மூளை? யாருகிட்டயும் சொல்லிராத.

ராக்கம்மா: ஆபீசருகிட்ட சொல்லவே மாட்டனுங்க. யாரோ கூப்படறாங்க, ஒரு எட்டு போய்ட்டு வந்தர்றன்.

லிங்கசாமி: கொண்டியக் கழட்டிட்டுப் போ! ராக்கம்மா...! ராக்கம்மா?... போயிட்டாளா?... யாரு அது? முதலாளி பொள்ளாச்சி போயிட்டாருங்க... யாரும் இல்லியா?... ‘நான் திருடவில்லை, நான் எவரையும்...’ ச்சே, கருமம்.

ராக்கம்மா: வந்துட்டனுங்க.

லிங்கசாமி: எத்தனை நேரம்! ஏன் இப்படி மூச்சு வாங்குது?

ராக்கம்மா: படியேறி ஓடி வந்தனுங்க.

லிங்கசாமி: இரு... நைல் சத்தத்தைக் காணோமே?

ராக்கம்மா: நின்னுபோச்சுங்க. வால்வத் திருப்பியாச்சு. பக்கத்து ஊட்டுக் கருப்பம்மா லைன்ல இருந்து போன் பண்ணா. குழாயில மொதல்ல செம்மண்ணாட்டம் வந்து, இப்பத் தெளிஞ்சு கொட்டுதாம். பேச்சி ஒத்தக் கையில குடம் புடிச்சுட்டு நிக்கறாளாம்... எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

லிங்கசாமி: கண்டுபுடிச்சுட்டானா! படுபாவி... போய் மறுபடியும் திருப்பு!

ராக்கம்மா: கைப்பிடியக் கழட்டிட்டுப் பீடத்துல சிமிட்டி பூசறாங்க. எங்க லைன் கொத்தனாரு இசக்கிமுத்து.

லிங்கசாமி: கொத்தனாரு வரைக்கும் கூட்டியாந்துட்டாங்களா? தொற!

ராக்கம்மா: தொறந்துட்டனுங்க. மெதுவா எந்திரிங்க, தலை இடிக்கும்.

லிங்கசாமி: நாளையில இருந்து நீ வேலைக்கு வராத.

ராக்கம்மா: வரலீங்க. சாவிக்கொத்து அங்க மேசை மேல.

லிங்கசாமி: ஆபீசருன்னா என்ன வேணாலும் பண்ணிரலாமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? போ, அந்த மூணு பேரையும் இங்க கூட்டிட்டு வா. நானே பேசிக்கறேன்.

ராக்கம்மா: தண்ணிக்காக நாங்க மூணு மனு குடுத்தோம், இன்னைக்கு இந்த நிமிசம் வரைக்கும் ஒரு ஆபீசரு இந்த மேடு ஏறலீங்க முதலாளி... நீங்க கூப்பிட்டுப் பாருங்க, உங்களுக்குன்னா வருவாங்க.