பஞ்சரம் என்றால் கூண்டு

காலையில் கொம்தார் நிலையத்தில் நான் ஏறிய பேருந்தில், முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சிறையில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போவதாக மூத்தவர் சொன்னார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கைப்பேசியை உள்ளே வைத்தேன்.

“பென்ஜாரான்னா பறவைக் கூண்டாம், தெரியுமா?”

“மலாய்ல ஜெயில்தானேக்கா?”

“அது பழைய சமஸ்கிருத வார்த்தையாம். தமிழ்ல பஞ்சரம்னு இருக்கே, அதேதானாம். பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாங்க. கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. தம்பி வளர்த்த மெர்போக் புறா வீட்டுல கூண்டுலதானே இருக்கு. அன்னைக்கே கதவைத் திறந்து விட்டேன். அது வெளிய வரவே இல்ல.”

“பழகிருச்சு லா.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் அவனைப் பார்க்கப் போனா, புறாவைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல, அவனாவே சொல்றான். ‘கதவு திறந்துதான்க்கா கெடக்கு, எனக்குத்தான் வெளிய போகத் தெரியல’ன்னு.”

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“இன்னைக்குக் காலைல கையால புடிச்சு வெளிய விட்டேன். பறந்துருச்சு.”

“நல்லதுதானேக்கா?”

“அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே. புறாவுக்கு நடந்ததுதானே அவனுக்கும் நடக்குது. இப்பவே வெளிய வரணும்னா அவன் எப்படி வருவான்?”

அவர் மணியை அழுத்தினார். சிறை மதிலோரம் இறங்கியதும் சாலையைக்கூடப் பார்க்காமல் வாசலை நோக்கி ஓடினார்.