மாப்பிள்ளை மோந்து பார்த்தார்

— வாசல்லயே நில்லுங்க மாஸ்டர். உள்ள சேறு. வெள்ளைச் சட்டை வீணாப் போயிடும்.

— மானமே போயிடுச்சு அக்கா, சட்டை என்ன சட்டை.

— கையில என்ன, அண்டாவா?

— மதியச் சாப்பாடு. கேன்டீன் அடுப்புலேருந்து நேரா இங்கதான். உங்க பன்னிங்களுக்கு நானே பரிமாறப் போறேன்.

— இப்பவா? அதுங்க தூங்குதுங்களே.

— தூங்குற பன்னியா இப்படிக் கத்துது?

— அது... குறட்டை.

— அக்கா, ஃபேக்டரில ஒருத்தன் விடாம என்கிட்ட வந்து கேக்குறான். "மாஸ்டர், நீ ஆக்கிப் போட்டதைப் பன்னியே மோந்து பாத்துட்டுப் போயிடுச்சாமே"ன்னு. நீங்கதான முதலாளிகிட்டச் சொன்னீங்க?

— நான் சும்மா பொதுவாச் சொன்னேன்.

— பொதுவாவா? மிச்சச் சோத்து டிரம் எடுக்க வந்து, கேன்டீன் பின்வாசல்ல, அத்தனை பேரு கை கழுவுற இடத்துல நின்னு சொன்னீங்க. மறுநாளே பாதிப் பேர் வீட்டுலேருந்து டப்பா கட்டிட்டு வந்துட்டான்.

— ஜனங்க அப்படித்தான் தம்பி. காதுல வாங்கி வாய் வழியா விட்ருவாங்க.

— முதலாளி என்ன கேட்டாரு தெரியுமா? "நாலு கால் ஜென்மமே ஒதுக்கிட்டுப் போற சாப்பாட்டை ரெண்டு கால் ஜென்மத்துக்கு எப்படிய்யா போடுறது"ன்னு.

— கேட்டது நியாயந்தான்... இல்ல, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. தண்ணி குடிக்கிறீங்களா?

— தண்ணி வேண்டாம். என் வேலை இப்ப உங்க பன்னி வாயில இருக்கு. போச்சுன்னா மாமனார் வீட்டு மாடியிலதான் குடும்பம் நடத்தணும். தினம் அந்த ஆளு எதிர்ல உக்காந்து சாப்பிடணும். அதுக்கு இந்தத் தொட்டியிலயே சாப்பிட்டுடலாம்.

— ஐயோ பாவம்.

— பாவம்னா தொட்டியை இப்படித் தள்ளுங்க.

— எதுக்குத் தம்பி வீண் வம்பு... சாயங்காலம் நானே ஊத்திப் பாத்து...

— ஊத்திட்டேன்.

— அவசரக்குடுக்கை. கேட்டுட்டு ஊத்தக் கூடாதா?

— முதல்ல யாரு வருவாங்க?

— அதோ, காது கிழிஞ்சவன். மாப்பிள்ளைன்னு பேரு. அவன் வாய் வைக்காம வேற எதுவும் கிட்ட வராது.

— வர்றாரு... மோந்து பாக்குறாரு...

— ம், தின்னுடா.

— திரும்பிட்டாரு.

— மாப்பிள்ளை முறுக்கு. ரெண்டு தரம் கூப்பிட்டாத்தான் வருவான். டேய்... டேய், இங்க வாடா. இது என்ன கூத்து? மகாராணியும் போகுது. குட்டிங்க கூடப் போகுது...

— நீங்க சொன்னதுதான அக்கா நடக்குது. அதுக்கு உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— எப்படி நடக்கும்? நேத்துக் கூட ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு, தொட்டி அடி தெரியற வரைக்கும் நக்குச்சுங்களே...

— எதை நக்குச்சுங்க அக்கா?

— ...நீங்க சமைச்சதைத்தான்.

— அப்ப ஒதுக்கல.

— எங்க ஒதுக்குச்சு... இப்படி உக்காருங்க, சொல்றேன். உங்களுக்கு முன்னால இருந்தாரே பெரிய மாஸ்டர், அவர் கைப்பக்குவத்துக்கு அத்தனை பேரும் பாதித் தட்டோட எந்திரிச்சிடுவாங்க. மிச்ச டிரம் வழிய வழிய வரும். எம் பன்னி ஒவ்வொண்ணும் சோபா மாதிரி இருந்துச்சு. அப்புறம் நீங்க வந்தீங்க.

— வந்து?

— டிரம்மைத் தட்டினா டங்குங்குது. தட்டை வழிச்சுத் தின்னுட்டு அனுப்புறாங்க. எலும்பைக் கூட விடுறதில்ல, கடன்காரனுங்க.

— நல்லாச் சமைச்சது தப்பா?

— எனக்குத் தப்பு. ஊரு வேண்டாம்னு தள்ளுறதுதான தம்பி என் பொழப்பு? எல்லாரும் வேணும் வேணும்னு தின்னா நான் எங்க போவேன்? உங்க சமையலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. அதான் பன்னி வாயால சொல்லிட்டேன். ஜனங்க டப்பா கட்டிட்டு வந்தாங்க, டிரம்மும் நிறைஞ்சுது.

— வேலை போற அளவுக்கு என்னை யாரும் இதுவரைக்கும் பாராட்டினதில்ல அக்கா.

— மன்னிச்சிடுங்க. பெரிய மாஸ்டர் திரும்பி வந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்னு ஒரு நப்பாசை... அது இருக்கட்டும், இன்னைக்கு இதுங்களுக்கு என்ன கேடு? உங்க சாப்பாடுன்னா உசுரை விடுமே. உண்மையைச் சொல்லுங்க, அண்டால என்ன கலந்தீங்க?

— நான் கரண்டியையே தொடல. டிரம் எடுக்க நீங்க சாயங்காலம்தான வருவீங்க, அதான் விஷயம் தெரியல. உங்க ஆசைப்படியே பெரிய மாஸ்டர் காலையில வந்து அடுப்பு பத்த வச்சாச்சு, இது அவர் கைப்பக்குவம். என் சாப்பாட்டுல பழகின நாக்கு இனி இதைத் தொடுமா? கிளம்புங்க, முதலாளிகிட்டப் போவோம். இதைப் பன்னி சீந்த மாட்டேங்குதுன்னு சொல்லுங்க, இந்தத் தடவை பொய் சொல்ற கஷ்டம் கூட உங்களுக்கு இல்ல.