வீட்டுக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டார்

— அப்பா சட்டைய எதுக்கும்மா இஸ்திரி போட்டு ஆணியில மாட்டியிருக்கீங்க? அவரு வரேன்னு சொன்னதா நான் இன்னும் சொல்லவே இல்லியே.

— வருவாரு. நீ மொதல்ல காலக் கழுவிட்டு வந்து சாப்பிடு, ரமணி. கிள்ளான்லேர்ந்து சாலாக் செலாத்தான் போய் வர்றது லேசுப்பட்ட காரியமா. எத்தன பஸ்ஸு மாறுன?

— போக மூணு, வர மூணு. மினி பஸ்ல நின்னுக்கிட்டேதான் வந்தேன். பசிக்கல.

— ஏன் பசிக்கல? அந்த வீட்ல எதாச்சும் சாப்பிட்டியா?

— மைலோ குடிச்சேன்.

— குடிச்சியா.

— குடுத்தாங்க, குடிச்சேன். வேணாம்னு சொல்ல வாய் வரல.

— சரி விடு. மொதல்ல எழுத்து வேலைய முடிப்போம். நாளைக்குக் காலைல போஸ்ட்ல போட்டாதான் வெள்ளிக்கிழமைக்கு எடிட்டர் மேசைக்குப் போய்ச் சேரும். மாவு மில்லுக்கு வேற போவணும், முறுக்குக்கு அரிசி ஊற வச்சாச்சி. பேனா எடு.

— அப்பா என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டீங்களா?

— நல்ல சேதிய கடைசியாதான் கேக்கணும். எழுது. 'சென்ற சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போனோம். எனக்குக் கை வலி என்பதால் வீட்டுக்காரர் மீன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டார்.'

— கூடையத் தூக்குனது நானு.

— தெரியும் லா.

— கெம்போங் மீன் தண்ணி பாவாடையெல்லாம் வடிஞ்சிச்சி. பஸ்ல பக்கத்துல இருந்த சீன ஆன்டி எந்திரிச்சி வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

— அத எழுதுனா யாரு படிப்பா? நாள் முழுக்க வேல செஞ்சிட்டு ஞாயித்துக்கிழம பேப்பரத் தொறக்குறாளுங்க. கொஞ்சம் மனசு குளுந்தா போதும் அவளுங்களுக்கு. சொல்றத எழுது. 'திரும்பும் வழியில், பூ வேண்டாமா என்று கேட்டார்.'

— இதே கூடைய போன மாசமும் தூக்குனாரு.

— வாசகிங்களுக்குப் புடிச்சிருக்கு. கூடையப் பத்தி மட்டும் பதினோரு லெட்டர் வந்துச்சின்னு எடிட்டர் எழுதலியா?

— மா, மூணு வருஷம். மூணு வருஷமா நான்தான் உக்காந்து எழுதுறேன். அப்பா சாப்பிட்டாரு, அப்பா சிரிச்சாரு, அப்பா ஸ்கூலுக்கு வந்து என் ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போட்டாரு. அவரு வீட்ட விட்டுப் போனது எண்பத்தாறுல. ரிப்போர்ட் கார்டுல அவரு கையெழுத்த நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்.

— என் கை நல்லா இருந்தா உன்னைய ஏன் கேக்கப் போறேன்? பேனாவப் புடிச்சா ரெண்டு வரியில மரத்துப் போவுது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்த கை. உனக்குத் தெரியாததா?

— தெரியும்.

— அப்ப என்ன. வீட்ல சத்தமே இல்லாம கெடந்துச்சி. அவரு போன பொறவு நீ வாயவே தொறக்கல. பேப்பர்ல போட்டி வச்சான், 'எங்கள் வீட்டில் ஒரு நாள்'னு. எனக்கு யாருகிட்டயாச்சும் பேசணும்போல இருந்துச்சி. நான் சொன்னேன், நீ எழுதுன. பரிசு குடுத்து, வாரா வாரம் எழுதுங்கன்னான். ஸ்கூல் கேண்டீன்ல நான் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மடிச்சிக்கிட்டு இருப்பேன், செண்பக அக்காங்குற பேர்ல நான் எழுதுனத டீச்சருங்க படிச்சிப் படிச்சிச் சிரிப்பாங்க. எனக்கு அன்னிக்கி முழுக்கக் காலே வலிக்காது. அது தப்பா?

— தப்புன்னு சொல்லல.

— எடிட்டர் லெட்டர எடு. இன்னொரு தடவ படி.

— நூறு தடவ படிச்சாச்சி.

— படியேன்.

— 'அன்புள்ள திருமதி வீரம்மா அவர்களுக்கு. "எங்கள் வீட்டு வாரம்" எழுதும் செண்பக அக்கா யார் என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிகின்றன. தீபாவளி மலரில் உங்களைக் குடும்பத்தோடு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் எடுக்க ஆள் வருவார். வீட்டுக்காரர் அவசியம் இருக்க வேண்டும். வாசகிகள் உங்களைவிட அவரைத்தான் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.'

— முழுப் பக்கம். கலர்ல.

— இல்லாத ஆள எங்கேர்ந்தும்மா காட்டுவீங்க?

— ஏன் இல்ல? தம்புசாமின்னு ஒரு ஆளு இருக்காருல்ல. ஒரு மணி நேரம் வந்து, சட்டையப் போட்டுக்கிட்டு, என் பக்கத்துல நிக்கட்டும். அப்புறம் லோரிய எடுத்துக்கிட்டு எங்க வேணா போவட்டும். நான் வேற என்ன கேட்டேன்?

— எதுக்கும்மா? உண்மையச் சொல்லுங்க.

— இந்த வரிசை வீட்ல இருக்குற எல்லாரும் பாக்கணும். புருஷன் விட்டுட்டுப் போனவன்னு என் முதுகுக்குப் பின்னாடி பேசுறாளுங்க, அவளுங்க பாக்கணும். அந்த இராஜம்மாவும் பாக்கணும். மூணு வருஷமா என் புருஷன வச்சிருக்கா. கடைல சாமான் மடிச்சிக் குடுக்குற பேப்பர்லயாவது அவ பாக்கணும். பாத்து வயிறு எரியணும். போதுமா?

— அப்பா நீங்க எழுதுற மாதிரி இல்லம்மா. சோத்துத் தட்டச் செவுத்துல அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. குழம்புக் கறை கல்யாண போட்டோ மேலகூடத் தெறிச்சிச்சி.

— அது ஒரு நாளு. லோரிய இடிச்சிட்டு வந்த அன்னிக்கி. உனக்கு நல்லது எதுவும் ஞாபகம் இருக்காதே. கல்யாணமான புதுசுல பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்துல என் தோள்ல கை போட்டு அணைச்சிக் கூட்டிட்டுப் போனவரு. அந்த மனுஷனத்தான் எழுதுறேன். பொய்யா எழுதுறேன்?

— நான் ஒன்னும் கேக்கல.

— மூஞ்சத் தூக்கிக்காத. இப்ப சொல்லு. என்ன சொன்னாரு?

— அப்பாவப் பாக்கல. லோரிய எடுத்துக்கிட்டு குவாந்தான் போயிருக்காராம். வெள்ளிக்கிழமதான் வருவாராம்.

— போதும், சனிக்கிழமைக்கு நேரம் இருக்கு. சேதிய யாருகிட்ட சொல்லிட்டு வந்த?

— யாருகிட்டயும் சொல்லல. அவங்க மட்டுந்தான் இருந்தாங்க. கதவத் தொறந்ததும், நான் யாருன்னு சொல்றதுக்கு முந்தியே, 'ரமணிதானே, உள்ள வா'ன்னாங்க. அப்பா ஜாடையாம்.

— பேரு வேற தெரிஞ்சி வச்சிருக்காளா. எப்படி இருந்தா? பவுடரும் பூவுமா?

— உங்கள விட ஒல்லி. ஃபேக்டரில வேல. டாக்டர்கிட்ட எம்சி லீவு எடுத்துக்கிட்டு வீட்ல இருந்தாங்க, கை சரியில்லயாம்.

— சொகுசுக்காரி. வீடு?

— பலகை வீடு, ஒரே ரூமு. பின்னால ரயிலு போனா அலமாரில கிளாஸெல்லாம் ஆடுது. உக்காரச் சொல்லிட்டு, படிச்சிக்கிட்டு இருன்னு ஒரு நோட்டுப் புக்க எடுத்துக் குடுத்தாங்க. சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தாங்க அத.

— என்ன புக்கு?

— நம்மளோடது.

— நம்மளோடதுன்னா?

— 'எங்கள் வீட்டு வாரம்.' மொத வாரத்துலேர்ந்து. ஒன்னுகூட விடாம வெட்டி, சோத்துப் பசையில ஒட்டி வச்சிருக்காங்க.

— எழுதுறது நான்னு தெரியுமா அவளுக்கு?

— தெரியாது. செண்பக அக்கான்னா ஈப்போ பக்கம் யாரோ ஒரு டீச்சருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க.

— அடிப் பாவி. என்னோடத ஒட்டி வச்சிருக்காளா. பாத்தியா ரமணி, முருகன் இருக்கான். புருஷன எடுத்துக்கிட்டுப் போனா, கடைசில என் எழுத்துக்குத்தான வந்து நிக்குறா. தீபாவளிக்கு அந்தப் படத்தையும் வெட்டி ஒட்டட்டும். என் பக்கத்துல யாரு நிக்குறாருன்னு நல்லா உத்துப் பாக்கட்டும்.

— சிரிக்காதீங்கம்மா.

— ஏன் சிரிக்கக் கூடாது? மூணு வருஷம் கழிச்சி இன்னிக்குத்தான் சிரிக்கிறேன்.

— அவங்க அழுதாங்க.

— எதுக்காம்?

— 'இந்த அக்கா குடுத்து வச்சவங்க'ன்னாங்க. கை வலிக்குதுன்னா கூடையத் தூக்குற புருஷனாம். சோறு கொழைஞ்சாலும் நல்லா இருக்குன்னு சொல்ற புருஷனாம். நீங்க எழுதுன புளிக்குழம்ப, நீங்க சொன்ன பக்குவத்துலயே வச்சிப் பாத்தாங்களாம்.

— என் குழம்ப அவ ஏன் வைக்கணும்?

— அதச் சாப்பிட்டாலாச்சும் அப்பா அந்த வீட்டுக்காரர் மாதிரி ஆயிடுவாரான்னு. ஆகலன்னதும் தன் மேலதான் குத்தம்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. 'எனக்குத்தான் ஒரு ஆம்பளைய நல்லபடியா வச்சிக்கத் தெரியல, ரமணி. உங்கம்மாகிட்ட நல்லாத்தானே இருந்தாரு'ன்னு என்னையே கேக்குறாங்க.

— நீ என்ன சொன்ன?

— மைலோவக் குடிச்சேன்.

— கை சரியில்லன்னியே. எந்தக் கை?

— வலது கை. மணிக்கட்டு வீங்கிப் போயி, கட்டுப் போட்டிருந்தாங்க. எடது கையாலதான் மைலோ கலக்குனாங்க, பாதி மேசையில கொட்டிடுச்சி.

— எப்படி ஆச்சாம்?

— பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம்.

— என்ன சொன்ன?

— நீங்க சொல்ற அதே வார்த்தை. அதே மாதிரி கீழ பாத்துக்கிட்டுதான் சொன்னாங்க. நான் போய் அவங்க பாத்ரூமப் பாத்தேன். சொரசொரன்னு சிமெண்டுத் தரை, ஒரு பாசி கெடையாது.

— நம்ம வீட்லயும் சொரசொரப்புத் தரைதான்.

— தெரியும்.

— எப்பலேர்ந்து தெரியும்?

— அன்னிக்கே தெரியும். கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

— தெரிஞ்சிக்கிட்டேவா இவ்ளோ நாளு எழுதுன?

— நீங்க சொன்னீங்க, எழுதுனேன். எழுதிக்கிட்டே இருந்தா நானும் நம்பிடுவேன்னு பாத்தேன்.

— ஆளு போன பொறவும் அந்த மனுஷன நாம ரெண்டு பேரும் உக்காந்து கழுவி, துடைச்சி, பொட்டு வச்சி வெளிய அனுப்பிக்கிட்டு இருந்திருக்கோம்.

— அப்ப அந்தப் பத்துமலை?

— கூட்டத்துல எங்க தொலைஞ்சி போயிருவேன்னு ரவிக்கைக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனாரு. கிழிஞ்சிடுச்சி. அத நல்லபடியா நெனச்சி நெனச்சி, தோள்ல கை போட்டதா ஆயிடுச்சி. எழுதுனதக் கிழிச்சிடு.

— நாளைக்கு போஸ்ட்டு?

— புதுசா எழுதுவோம். ரெண்டு காப்பி.

— என்ன எழுதப் போறீங்கன்னு தெரியுது. எடிட்டர் போட மாட்டாரும்மா. பகுதியையே நிறுத்திடுவாரு. சனிக்கிழம படம் எடுக்க வர்ற ஆளு…

— வரட்டும். வீட்ல ரெண்டு பேருதான்னு சொல்லு. எடுக்குறதுன்னா எடுக்கட்டும், இல்லன்னா டீ குடிச்சிட்டுப் போவட்டும். அந்தச் சட்டைய மொதல்ல எறக்கு. அடுப்படில போடு, சட்டி எறக்குற துணிக்கு ஆவும்.

— உங்களுக்குன்னு இருந்தது இது ஒன்னுதானேம்மா.

— ஆமா. நெனச்சா அழுகையா வருது. அழுதுக்கிட்டே சொல்றேன், நீ எழுது. ஒரு காப்பி எடிட்டருக்கு. அவரு போட்டாலும் போடாட்டியும் இன்னொரு காப்பிய எடுத்துக்கிட்டு மூணு பஸ்ஸு ஏறிப் போயி, அவ நோட்டுப் புக்குல நீயே ஒட்டிட்டு வா. வெள்ளிக்கிழமைக்கு முந்தி போவணும். உங்கப்பா வர்றதுக்குள்ள.

— அவங்கள இங்க வரச் சொல்லவா?

— வந்தா வரட்டும். பாய் இருக்கு, விரிச்சிக்கலாம். எழுது.

— சொல்லுங்க.

— 'சாலாக் செலாத்தானில் இந்தப் பகுதியை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் தங்கைக்கு. உன் குழம்பில் ஒரு குறையும் இல்லை. என் கையும் பாத்ரூமில் வழுக்கி விழுந்த கைதான்.' எழுதிட்டியா?

— '…கைதான்.' எழுதிட்டேன்.

— 'மீன் கூடையைத் தூக்கியது என் மகள். நீ உன் வீட்டில் தேடிக்கொண்டிருக்கும் அந்த வீட்டுக்காரர், இந்த வீட்டிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை, தங்கையே.'