கிரேக்க இசைத்தட்டின் முதல் பக்கம்

ஒஸ்லோவின் அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழர்கள் செத்தல் மிளகாயைப் பல்கனியில்தான் வறுப்பார்கள். உள்ளே வறுத்தால் புகை அலாரம் கத்தும், பக்கத்து வீட்டு நோர்வேக்காரி முகத்தைச் சுளிப்பாள், திரைச்சீலையில் காரம் ஏறிக் கிடக்கும். ஆகவே மின்னடுப்பையும் தாச்சியையும் வெளியே கொண்டுபோக வேண்டும். கதவை உள்ளே இருப்பவர் இறுக்கிச் சாத்திப் பிடியைத் திருப்பிவிட வேண்டும்; பிறகு வெளியிலிருந்து திறக்க முடியாது. வறுத்து முடிந்ததும் வெளியே நிற்பவர் கண்ணாடியில் தட்டுவார். ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். எனவே அன்றைக்குக் கதவை நான் பூட்டியதில் வஞ்சகம் எதுவும் இல்லை. பூட்டச் சொன்னவள் என் மனைவி மக்டலீன்.

என் பெயர் சூசைரட்ணம். சுரங்க ரயில் பெட்டிகளைக் கழுவுகிறேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் பொறுமையான மனிசன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இளவயதில் ஊர்காவற்றுறையிலிருந்து போய் ஒரு கிரேக்கக் கப்பலில் வேலை செய்தேன். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. எங்கள் மூன்றாம் பொறியியலாளர் லெஃப்டெரிஸுக்கு ஒரு பாட்டுக் குழு இருந்தது. தோள்வரை மயிர் வளர்த்த நாலு பேர். விண்வெளியில் மிதக்கிறவர்கள் கேட்கும் இசை என்று சொல்லிக்கொண்டு கிட்டாரை இழுஇழுவென்று இழுப்பார்கள். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது, ஒலிப்பதிவுக் கருவியோடு இயந்திர அறைக்குள் இறங்கினார்கள். இயந்திரம் உறுமுவதை விண்கலச் சத்தமாக்கப் போகிறார்களாம். அப்படியே ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டி, உன் மொழியில் ஏதாவது சொல் என்றார் லெஃப்டெரிஸ். எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. என் பெயரையும் ஐயாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். நான் சுகமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

அதை மெதுவாக ஓடவிட்டு, எதிரொலி கலந்து, முதல் பக்கத்தின் முடிவில் சேர்த்தார்கள். அட்டையில் ஒரு பெரிய கண், சுற்றிவரக் கோள்கள், கிரேக்க எழுத்து. சில நூறு தட்டுகள் அடித்தார்கள். வாங்க ஆளில்லை. எனக்கு ஒன்று கிடைத்தது.

அந்த இசை நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொல்லு என்று கேட்டதில்லை. வேலையில் கழுவு என்றார்கள், கழுவினேன். வீட்டில் மக்டலீன் கதைத்தாள், கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வாய் திறந்து, அதை ஒருவர் பெறுமதியான பொருளாக எடுத்துவைத்த இடம் அந்தத் தட்டு ஒன்றுதான். சனி ஞாயிறுகளில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். என்னிடம் இருந்த சந்தோசம் அவ்வளவுதான்.

மக்டலீன் ஒரு செபக்குழுவில் சேர்ந்தாள். நடத்தியவர் மரியரஞ்சனி அக்கா. அவர்கள் வீடு வீடாகப் போய்ச் செபித்து, தீய பொருட்கள் இருந்தால் அகற்றச் சொல்வார்கள். எங்கள் சுவரில் தொங்கிய மரமுகமூடி முதலில் போனது. அடுத்த தடவை தட்டைக் கண்டார்கள். அட்டையில் இருந்த கண் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போட்டுப் பார்த்தார்கள். முதல் பக்கத்தின் கடைசியில் குரல் வந்ததும் மரியரஞ்சனி அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்தார்.

"பிசாசு கதைக்குது" என்றார்.

அது நான்தான் என்றேன். குழுவில் ஒரு பெண் சிரித்தாள். மக்டலீன் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "உங்களுக்கு அப்பிடிக் குரல் இல்லை" என்றாள். என்னோடு இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். எனக்கு அது வலித்தது. மிகவும் வலித்தது. அவர்கள் தட்டை அழிக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள்.

அந்தத் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, துரொண்ட்ஹெய்மில் படிக்கும் எங்கள் மகள் நிலூஜாவுக்குத் தூள் அனுப்புவதற்காக மக்டலீன் மிளகாய் வறுக்கப் போனாள். அவளுக்கு முட்டு வருத்தம். குளிரும் புகையும் சேர்ந்தால் மூச்சு இழுக்கும். மூச்சுக்கு அடிக்கும் மருந்துப் பம்பை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பாள். அன்றைக்கு அது மேசையில், கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் தாச்சியோடு வெளியே போகும்போது நான் அதைக் கண்டேன். அவளுக்கு நினைவூட்டுவது என் பொறுப்பு என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

பொலிசாரிடம் சொன்னதும் குருவானவரிடம் சொன்னதும் ஒன்றுதான். ஹெட்போனில் கிரேக்க இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் தட்டியது கேட்கவில்லை. பொலிசார் மரியாதையாக நடந்தார்கள். ஒரு பெண் எனக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து தந்தாள். அடக்கத்தன்று மரியரஞ்சனி அக்கா கோவில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எறியச் சொன்னனான். எறியேல்லை. அந்தத் தட்டுத்தான் அவவைக் கொண்டுபோனது." எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தட்டு எங்கே என்று பிறகு கேட்டவர்களிடம், பார்க்க மனமில்லாமல் எறிந்துவிட்டேன் என்றேன்.

போன உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நிலூஜா வந்தாள். தாய் போனதிலிருந்து பிள்ளைக்குச் சரியான நித்திரை இல்லை, மெலிந்துபோயிருந்தாள். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதே கண், அதே கோள்கள். ஜெர்மனியில் யாரோ திரும்ப அச்சிட்டிருக்கிறார்களாம், இணையத்தில் தேடி வாங்கினாளாம்.

"அப்பா, இதைப் போட்டு ஹெட்போனிலை கேளுங்கோ. நான் வெளியிலை நிண்டு தட்டுறன். கேக்குதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவள் பல்கனிக்குப் போனாள். நான் பிடியைத் திருப்பிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். கிட்டார் எழும்பியது, இயந்திரம் உறுமத் தொடங்கியது. கண்ணாடியில் நிலூஜாவின் முட்டி திரும்பத் திரும்பப் படுவதைப் பார்த்தேன். சத்தம் சிறிதும் வரவில்லை. கடைசியில் என் குரல் வந்து, நான் சுகமாக இருக்கிறேன் என்றது. எழுந்து போய்த் திறந்தேன்.

"கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் என் தோளில் விழுந்து அழுதாள். "எனக்கு உங்களிலை சந்தேகம் இருந்தது அப்பா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். நான் மன்னித்தேன். பிள்ளையைக் கோபித்து என்ன செய்வது?

அவளுக்குத் தெரியாத விசயம் ஒன்றுண்டு. அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை நான் வேலையால் வந்தபோது, மக்டலீன் மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "தட்டை உடைச்சுக் குப்பைக் குழாய்க்குள்ளை போட்டிட்டன். வாற செபக்கூட்டத்திலை சாட்சி சொல்லப்போறன்." குழம்பு நன்றாக இருந்தது. இன்னொரு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை என் காதில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் விரலால் தட்டினாள், வறுத்து முடிந்ததென்று. பிறகு உள்ளங்கையால் அடித்தாள். "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடப் பார்த்தாள், மூச்சு வரவில்லை. பிறகு அவளுடைய மோதிரம் கண்ணாடியின் அடிப்பாகத்தில் உரசியது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அது நின்ற பிறகும், நிச்சயமாகட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

நிலூஜா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுக்கிறாள். அவள் கேட்டது, தான் தட்டுவது கேட்கிறதா என்று. அவள் தட்டியது உண்மையாகவே கேட்கவில்லை. என் பிள்ளைக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.