பின்மூடிக்குள் இருந்த எண்

— அவசரமே இல்ல பெரியவரே, நல்லாப் பாருங்க. கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே பாருங்க. ஆமா, ஏன் கையத் தேச்சுக்கிட்டே இருக்கீங்க?

— குளிரு, தம்பி. இந்தப் பொகோத்தா மழை எலும்புக்குள்ள போயிடும். முப்பத்தெட்டு வருஷமா இந்த மேசையில குனிஞ்சே கிடந்த உடம்பு.

— நான் தர்சீசியோ. தோன் மிசாயேலோட ஆளு. மூஸோவுல மரகதச் சுரங்கம் வச்சிருக்காரே, அவருதான்.

— அவரைத் தெரியாதவன் இந்த ஊர்ல யாரு?

— இந்தக் கடிகாரத்த முந்தாநாள் அவருகிட்ட வித்தது உங்க மவன் அனீபல். சுவிஸ் தங்கம், அம்பத்தாறுல செஞ்சதுன்னு சொல்லிப் பெட்டியும் ரசீதும் சேத்துக் குடுத்தான். பையன் இப்ப எங்க கூடத்தான் இருக்கான், மேல மலையில. சாப்பாடு எல்லாம் குடுக்குறோம். அவன்தான் சாப்பிட மாட்டேங்குறான்.

— எப்ப... வீட்டுக்கு எப்ப வருவான்?

— அதுக்குத்தானே நான் வந்திருக்கேன். அசலா, போலியா? நீங்க ஒத்த வார்த்தை சொல்லணும். அத வச்சு முதலாளி முடிவு பண்ணுவாரு. வேற ஒண்ணுமில்ல.

— பெத்தவன்கிட்டயே வந்து கேக்குறீங்களே தம்பி. வேற கடையில காட்டுங்க, அதுதான் நியாயம்.

— உங்ககிட்டதான் கேக்கச் சொன்னாரு. நான் எதுத்தாப்புல போய் ஒரு கருங்காப்பி குடிச்சிட்டு வர்றேன். கதவு தெறந்தே இருக்கட்டும். இந்தக் கடைக்குப் பின்வாசல் இல்ல, வரும்போதே சுத்திப் பாத்துட்டேன். வீணா அலையாதீங்க.

— என்னங்க... போயிட்டானா?

— திரைக்குப் பின்னாலயா நின்ன, லிகியா? மெதுவாப் பேசு. அங்க உக்காந்து இங்கேயேதான் பாத்துக்கிட்டிருக்கான்.

— எல்லாத்தையும் கேட்டேன். ஏங்க, அது நீங்க செஞ்சதுதானே?

— உம்.

— அனீபல் சான் விக்டொரினோ சந்தையில வாங்கிட்டு வந்தானே, அந்தச் சிவப்புத் தோல் பெட்டி, அதுக்காகவா?

— அதுக்குத்தான். உள்ள கடிகாரம் இல்ல, அம்பத்தாறாம் வருஷத்து ரசீது மட்டும் மடிச்சு வச்சிருந்துச்சு. 'அப்பா, இந்த ரசீதுக்கு ஒரு கடிகாரம் செஞ்சு குடுங்க'ன்னான். செத்துப்போன கடிகாரம் மூணைப் பிரிச்சு ஒண்ணாக்கினேன். ரசீதுல இருந்த நம்பரைப் பின்மூடிக்குள்ள நான்தான் பொறிச்சேன். காகிதமும் நம்பரும் ஒத்துப்போச்சுன்னா வாங்குறவன் மேற்கொண்டு வாயத் தெறக்க மாட்டான். இந்தத் தெருவுல எவன் செய்யல?

— ஊரு ஆயிரம் செய்யட்டும். இப்ப உண்மையச் சொல்லிடுங்க. கால்ல விழுவோம். நான் விழறேன்.

— உனக்கு அந்த மலைக்காரனுங்களத் தெரியாது. போன வருஷம் ஒருத்தன் பாட்டில் கண்ணாடியச் சீவி மரகதம்னு வித்தான். பொணத்த ஆத்துலதான் எடுத்தாங்க. ரெண்டு கையும் இல்ல.

— மாதாவே!

— ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா நம்ம புள்ள திரும்ப மாட்டான். அசல்னு சொன்னா திரும்புவான். நான் வேற எதையும் யோசிக்கல, யோசிக்கவும் வரல.

— உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். இந்தக் குளிர்ல நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாருங்க.

— அந்தத் துண்ட எடு. எந்திரிச்சுட்டான்.

— என்ன பெரியவரே, வீட்டம்மாவும் வந்துட்டாங்களா? வணக்கம்மா. உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? சரி, பாத்தாச்சா?

— பாத்துட்டேன். அசல்தான்.

— அப்படிப் பொத்தாம்பொதுவாச் சொன்னா எப்படி? நான் மண்ணு வெட்டினவன். முதலாளி திருப்பிக் கேட்டா ஒப்பிக்கணும்ல?

— உள்ளங்கையில பொத்தி, இடுக்கு வழியாப் பாருங்க. முள்ளு ஒளிருதா?

— எங்க? கும்மிருட்டா இருக்கு.

— அதான். அந்தக் காலத்து ரேடியம் பூச்சு இத்தனை வருஷத்துல செத்திருக்கணும். நேத்துப் பூசினதுன்னா பூனைக் கண்ணு மாதிரி மின்னும். டயலப் பாருங்க, ஓரத்துல தேன் நிறம். அது தானா ஏறினது. காப்பித் தண்ணியில ஊறவச்சுப் பழசாக்கினா திட்டுத் திட்டா நிக்கும்.

— அடேயப்பா, இவ்வளவு இருக்கா! மூடிக்குள்ள அந்த நம்பரு?

— கம்பெனியில அடிச்சது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் அழுக்கு கறுத்துக் கிடக்கு பாருங்க. முப்பது வருஷத்து அழுக்கு.

— பின்னால யாரும் வெட்டியிருக்க முடியாதா?

— முடியாது.

— உங்களால கூடவா?

— நான்... நான் ரிப்பேர்காரன் தம்பி. எனக்கு எங்க அந்த வேலையெல்லாம்.

— சிக்கின்கிரா மாதா மேல சத்தியம் பண்ணுவீங்களா?

— வேணாங்க... என்னங்க, மாதா மேல வேணாங்க...

— நீ சும்மா இரு லிகியா. பண்றேன் தம்பி. மாதா மேல சத்தியம். அம்பத்தாறாம் வருஷத்து அசல். எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்றேன்.

— கோயில் எதுக்கு? ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நம்பரையும் எழுதுங்க. அவசரமில்ல, அழகா எழுதுங்க. ம்... மை காயட்டும்.

— பையன் எப்ப வருவான் தம்பி? இன்னைக்கே பஸ் ஏத்திவிட்டா நாளைக்குக் காலையில...

— இந்த ரசீது யாருதுன்னு தெரியுமா பெரியவரே?

— யாரோ... பழைய குடும்பம்...

— முதலாளியோட அப்பாவுது. எழுபத்திமூணுல மூஸோ ரோட்டுல ஜீப்ப மறிச்சுச் சுட்டாங்க. சுட்டவனுங்க கையில கட்டியிருந்த கடிகாரத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. வீட்டுல காலிப் பெட்டியும் இந்த ரசீதும்தான் கிடந்துச்சு. முதலாளியோட அம்மா செத்தப்புறம் அத எந்த வேலைக்காரன் வித்தானோ தெரியல. பதினஞ்சு வருஷமா முதலாளி இந்த நம்பரத் தேடுறாரு. அசல் கடிகாரம் எவன் கையில இருக்கோ, அவன் சுட்டவனோட ஆளு.

— இல்ல! தம்பி, இது அது இல்ல! இது நான் செஞ்சது! அந்த நம்பர நான்தான் பொறிச்சேன், இந்த உளியாலதான், இதோ பாருங்க!

— ஆமாங்கய்யா, நான் என் கண்ணால பாத்தேன்! இதே மேசையில, இதே விளக்குக்குக் கீழ உக்காந்துதான் செஞ்சாரு!

— இப்பத்தானேம்மா மாதா மேல சத்தியம் பண்ணாரு? கேக்கலையா நீங்க?

— பொய்ச் சத்தியம் தம்பி! நான் நரகத்துக்குப் போறேன், போயிட்டுப் போறேன்! வேற ஒரு மூடி எடுக்குறேன், உங்க கண்ணு முன்னாலயே அதே நம்பர வெட்டிக் காட்டுறேன்!

— வெட்டுவீங்க. உங்களால முடியும்னு இப்பத் தெரியுது. ஆனா இத வெட்டினது நீங்கதான்னு எப்படி நம்புறது? வர்ற வழியில ரெண்டு கடையில காட்டினேன். ரெண்டு பேருமே அசல்னு அடிச்சுச் சொன்னாங்க. போலின்னு சொன்னது ஒரே ஒரு ஆளுதான்.

— யாரு? யாரு தம்பி அது? அவரக் கூட்டிட்டு வாங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்!

— உங்க மவன்தான். 'போலிதான், எங்கப்பா செஞ்சது, போய் அவரையே கேளுங்க'ன்னு நேத்து ராத்திரி பூரா அழுதான். நீங்களும் அதையே சொன்னா ரெண்டு அறை விட்டுப் பையன வீட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் பெரியவரே, முதலாளி என்னை இங்க அனுப்பினாரு.