தாழ்ப்பாளில் பூத்த உப்பு

"சாத்தாதே!"

நான் போட்ட சத்தத்தில் வாயாடியின் கை ஜன்னல் கதவிலேயே நின்றுவிட்டது. தெருக்கோடியில் எவனோ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். கரண்ட் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. ஒரே மெழுகுவர்த்தி, ஒரு போர்வைக்குப் போட்டி போட நான், என் சித்தி மகள் வாயாடி, அவள் தம்பி குண்டூசி, தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்கும் சித்தப்பா.

"ஏன், ஹாரன் சத்தம் உனக்குத் தாலாட்டா?" என்றாள் வாயாடி.

"யாரு அடிக்கிறான்னு முதல்ல எட்டிப் பாரு. அப்புறம் சாத்து."

எட்டிப் பார்த்தாள். "லாரி. குறுக்க எவனோ பைக்கை நிறுத்தி வச்சிருக்கான்."

"சரி. இப்பச் சாத்து."

குண்டூசி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். "அண்ணே, இதுல ஒரு கதை இருக்கு. உன் மூஞ்சியே சொல்லுது."

இருந்தது. என் சிநேகிதன் ஒல்லியின் அக்கா வீட்டில் நடந்தது. ஒல்லி பொய் சொல்லக்கூடியவன்தான். ஆனால் இதைச் சொல்லி முடிக்கிறவரை, வாங்கின டீயை அவன் தொடவே இல்லை.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பொட்டல். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு மாடி வீடு. அங்கேதான் ஒல்லியின் அக்காவும் மாமாவும்.

மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் ஆசிட். பேட்டரிக் கடைக்காரர். எந்தச் சட்டை போட்டாலும் ஆசிட் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. வண்டி தெருமுனையில் வரும்போதே காதைக் கொடுத்து, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சரியாகவே இருக்கும். அந்தக் காதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

அன்றைக்கு அந்தக் காதில் விழுந்தது ஒரு ஹாரன்.

பாஆஆம்... நின்றது. பாஆஆம்... நின்றது.

அக்காதான் உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, யாரோ அடிச்சுக்கிட்டே இருக்காங்க. போய்ப் பாருங்களேன்."

"ஹாரன் மாட்டிக்கிச்சு. தூங்கு."

"மாட்டிக்கிட்டா ஒரேயடியால்ல அடிக்கும்? இது விட்டு விட்டு அடிக்குது."

"ஹாரனுக்குக் கரண்ட் விடற ரிலே போனா விட்டு விட்டுத்தான் அடிக்கும். இது உன் தொழிலா, என் தொழிலா?"

எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளை அழுத்திப் போட்டார். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் கம்முது பாரு. பேட்டரி இறங்குது. விடியறதுக்குள்ள தானா நின்னுடும்."

தானாகவே நின்றது.

காலையில் ரோட்டில் கூட்டம். பள்ளத்தில் ஒரு கார், பக்கவாட்டில் நசுங்கி. உள்ளே ஒரு அம்மா. கால் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை. உயிர் போன பிறகும் உள்ளங்கை ஹாரன்மேலேயே இருந்ததாம்.

அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். சும்மா பார்த்தாள்... அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா? பேய் எங்க?" என்றான் குண்டூசி.

"அது இன்னும் கிளம்பவே இல்லைடா. பொறு."

கொஞ்ச நாள் போனது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தினமும் காரில்தான் போவாள். அந்தக் காரின் பேட்டரி படுத்துவிட்டது. மாமா தன் கடையில் கிடந்த ஒன்றைச் சார்ஜ் ஏற்றி மாட்டினார். காயலான் கடையில் வாங்கியது. பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது.

மறுநாள் பானட்டைத் திறந்தால், டெர்மினலில் உப்புப் பூத்திருந்தது.

பூப்பது சகஜம்தான். பேட்டரியின் தலையில் ஈயத்தில் ரெண்டு குமிழ் நீட்டிக்கொண்டிருக்குமே, அதில்தான் ஒயரை மாட்டுவார்கள். வெள்ளையும் பச்சையுமாக அதில் பொடி கட்டும். ஆனால் மாதக்கணக்கில் கட்டுகிற பொடி, இங்கே ஒரே ராத்திரியில் குளவிக்கூடு மாதிரி அப்பியிருந்தது.

அதைச் சுத்தம் பண்ணவே மாமாவிடம் ஒரு கை மெஷின் உண்டு. டார்ச் லைட் பருமன். சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் முனையில் உள்ள கம்பி பிரஷ் சுழன்று, குமிழைச் சுற்றிக் குடைந்து எடுத்துவிடும். கடையில் அதற்குப் பெயரே குடைச்சல்.

ஙர்ர்ர்ர்ர்... பொடி பறந்தது. ஈயம் பளிச்சென்றது.

அடுத்த நாள் மறுபடி பூத்தது. குடைந்தார். அதற்கடுத்த நாளும். கிரீஸ் தடவினார், சோடா உப்புக் கரைத்து ஊற்றினார். ம்ஹூம். உள்ளே இருப்பது எதுவோ, அதை யாரோ வெளியே விடாமல் பூசிப் பூசி அடைக்கிற மாதிரி இருந்தது. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், அக்கா டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன், ரெண்டு ஒயரையும் கழற்றி ஒதுக்கிப் போட்டுவிட்டு ஒரு துளி பொடி விடாமல் வழித்து எடுத்தார். பட்டனிலிருந்து விரலை எடுத்தார். மெஷின் நின்றது.

பாஆஆம்.

ஒயர் ரெண்டும் காற்றில் தொங்குகின்றன. சொட்டு கரண்ட் இல்லாத கார்.

பாஆஆம்... நின்றது. பாஆஆம்...

மாமாவின் காது பொய் சொல்லாது. இது அக்கா கார் ஹாரன் இல்லை. வேறு கார். முன்னே ஒரு தடவை படுக்கையில் படுத்துக்கொண்டு கேட்ட கார்.

வாசலில் இருந்து அக்கா கத்தினாள். "வந்துட்டேன்ல! எதுக்கு இப்படி ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டறீங்க?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"கார் வேணாம். பஸ்ல போ," என்றார் மாமா. 

"லேட்டாச்சு. மாட்டுங்க சீக்கிரம்." அவசரத்தில் அவளே ஒயரை எடுத்து நீட்டினாள். அவர் மாட்டினார். என்ன காரணம் சொல்லித் தடுப்பது? கார் வாய்க்கால் ரோட்டில் ஏறி மறைந்தது.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் நேரே காயலான் கடை. "நீ குடுத்த பேட்டரி எந்த வண்டியோடது?"

"அதுங்களா? உங்க வீட்டாண்ட பள்ளத்துல விழுந்துச்சே, அந்தக் காரோடது. நல்ல உழைப்பாளிங்க! கடைசி வரைக்கும் ஹாரனுக்குக் கரண்ட் குடுத்திருக்கு, பாவம்."

மாமா அக்காவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டார். "சிஸ்டர் இன்னும் வரலையே சார்."

பகல் மூன்று மணி. வாய்க்கால் ரோடு.

ராத்திரி மூன்று மணியாவது தேவலை. இது கொளுத்துகிற வெயில். ரோட்டில் ஈ, காக்கை இல்லை. தூரத்திலேயே கேட்டுவிட்டது...

பாஆஆம்... நின்றது. பாஆம்...

கம்மிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக.

அதே பள்ளத்தின் ஓரத்தில் அக்காவின் கார். நாலு கண்ணாடியும் ஏறியிருந்தன. கதவெல்லாம் லாக். உள்ளே அக்கா... ரெண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

ரெண்டு கையும் கண்ணாடியில்.

ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

போர்வைக்குள் யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். சித்தப்பாதான்.

மாமா கல்லைத் தேடி எடுத்துப் பின் கதவுக் கண்ணாடியை உடைத்தார். 'ப்ப்...' என்று இழுத்து ஹாரன் நின்றது. குப்பென்று வந்தது நாற்றம். அழுகின முட்டை, ஈரச் சேறு. கைவிட்டுக் கதவைத் திறந்து அக்காவை ரோட்டில் இழுத்துப் போட்டார். தீயாகச் சுட்டது உடம்பு. மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து மாமாவை யாரோ மாதிரிப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போன குரலில் கேட்டாள்.

"ராத்திரியெல்லாம் அடிச்சேனே... யாருமே வரலை?"

மயங்கிவிட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். நினைவு வந்ததும், தான் அப்படிக் கேட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பேட்டரியை மாமா தன் கண்முன்னாலேயே உருக்கவைத்தார். காரையும் வந்த விலைக்கு விற்றுத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காற்று வரட்டும் என்று படுக்கையறை ஜன்னலைத் திறக்கப் போனார்.

தாழ்ப்பாள் அசையவில்லை. வெள்ளையும் பச்சையுமாக... உப்புப் பூத்திருந்தது.

"இரும்புத் தாழ்ப்பாள்ல எப்படிண்ணே..." என்றான் குண்டூசி. வாயாடி அவன் வாயைப் பொத்தினாள்.

ஒல்லி இதையெல்லாம் நம்பவில்லை. அக்காவைப் பார்க்கப் போனவன், அன்றைக்கு அங்கேயே தங்கினான். அக்காவும் மாமாவும் இப்போது படுப்பது ஹாலில். சாயங்காலம் மாமா அந்தக் குடைச்சலைச் சார்ஜ் போட்டார். ஏறியதும் கொண்டுபோய்க் காலி படுக்கையறைக்குள் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"எதுக்கு மாமா?"

"தாழ்ப்பாள்ல உப்பை எடுக்கணும்ல," என்று பாயை விரித்தார் மாமா.

ஒல்லி பக்கத்து அறையில் படுத்தான். எப்போது தூங்கினானோ... சத்தம் கேட்டு முழிப்பு வந்தது.

ஙர்ர்ர்ர்... நின்றது. ஙர்ர்ர்ர்... நின்றது.

'விடியறதுக்குள்ள மாமா வேலையை ஆரம்பிச்சுட்டாரா?' என்று எழுந்து வந்தான். ஹாலில், பாயில், மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு, சாத்திய படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, ஜன்னல் பக்கம், யாரோ தாழ்ப்பாளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். விட்டு விட்டு.

ஙர்ர்ர்... ஙர்ர்...

ஒல்லி கையைக் கதவுப் பக்கம் காட்டினான். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காதான் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"பயப்படாதே, தூங்கு," என்றாள். "சார்ஜ் இறங்குது. விடியறதுக்குள்ள தானா நின்னுடும்."