பெர்னடெற்றின் பெட்டி

நாங்கள் குடியிருக்கும் மோர்டனில் கராஜுக்குள் கார் விடுகிறவர்கள் குறைவு. எங்கள் கராஜில் தோட்டாக் கோதுகள் இருந்தன. என் கணவர் இராசரத்தினம் ஓய்வுபெற்ற பிறகு துப்பாக்கிச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தவர். எல்லாம் அனுமதியோடுதான்.

சுட்ட பித்தளைக் கோதை எறிவதில்லை. கழுவி, திரும்ப வெடிமருந்து நிரப்பலாம். ஆனால் திரும்பத் திரும்பச் சுடும்போது கோதின் கழுத்து மயிரளவு நீளும். அளந்து, நீண்டதைச் சீவி, விளிம்பை மழுக்க வேண்டும். நாள்பட்ட கோது அடிப்பக்கம் மெலிந்துபோகும். அதைப் பார்த்து ஒதுக்க வேண்டும். இவருக்கு அந்தப் பொறுமை இல்லை. மருந்து நிரப்புவது மட்டும் இவர், மற்றதெல்லாம் நான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பித்தளைத் தூள் நகத்துக்குள் மினுங்கும்.

ஒருநாள் கேட்டேன்: "இஞ்சாருங்கோ, நானும் ஒருக்காச் சுட்டுப் பாக்கட்டே?"

"உமக்கு ஏலாது, சிவமலர். தோள் தாங்காது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் விட்டுவிட்டேன்.

அடுத்த கோடையில் பெர்னடெற் கழகத்தில் சேர்ந்தாள். மருத்துவத் தாதி, என்னைவிட மெலிந்தவள். இவர்தான் அவளுக்குச் சுடப் பழக்கினார். அவளுடைய தோளைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

கழக விருந்தில் யாரோ எங்கள் தோட்டாக்களைப் புகழ்ந்தார்கள். "அதுக்குப் பொறுமை வேணும்" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பிறகு பெர்னடெற் என்னிடம் வந்தாள். "அக்கா, சீவுறது நீங்கள்தானே? உங்கட நகத்தைப் பாத்தனான். எனக்கும் கொஞ்சம் செய்து தாறியளோ? உங்கட கையாலை எண்டா எனக்குப் பயமில்லை."

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. கோபம் இவர்மேல்தான். கொஞ்சம் பயம் காட்டினால் போதும் என்று நினைத்தேன். ஒதுக்க வேண்டிய கோது ஒன்றை ஒதுக்கவில்லை. அவ்வளவுதான். மினுக்கி வைத்தபோது அது மற்றவற்றைப் போலவே இருந்தது. இவர் மருந்து நிரப்பினார்.

சுடும்போது அந்தக் கோது கிழிந்து, பின்னால் வந்த நெருப்பு பெர்னடெற்றின் முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தும் வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் நான்தான் ஊட்டிவிட்டேன். "உங்களிலை பிழை இல்லை அக்கா" என்று கையைப் பிடித்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் இவர், "எல்லாம் நான் செய்தது. சீவினதும் பாத்ததும் நான்தான். கவனிக்கேல்லை" என்றார். அம்மாவைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று மகள் மிதுஷா அழுதாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வேலையில் இவர் ஒருநாளும் கை வைத்ததில்லை; இப்போது அதையும் தன்னுடையதாக்கிக்கொண்டார். விபத்து என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

கணவருக்குப் பயம் காட்ட நினைத்த தோட்டா அவளிடம் எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். நிரப்பி முடிந்தபின் பெட்டிகளில் அடுக்குவதும் நான்தான். ஒன்று இவருடையது, மற்றது பெர்னடெற்றுடையது. என் கையால் போன கோதை எனக்கு அடையாளம் தெரியாதா? பார்த்துத்தான் அவளுடைய பெட்டியில் வைத்தேன். வாசல்வரை போய் நானே பெட்டியை அவளிடம் கொடுத்தேன்.

"கவனமாப் போயிட்டு வா, பிள்ளை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.